எடித் கேவெல் படம்: ஒரே கதையை ஒரே இயக்குநர் இருமுறை எடுத்தது ஏன்?

பதிவு 1 – பழம்படத்தேடி

அனைவருக்கும் வணக்கம். 1939-ஆம் ஆண்டு வெளிவந்த 'நர்ஸ் எடித் கேவெல்' படத்தைச் சென்ற வாரம் மறுபடி பார்த்தேன். நூற்றெட்டு நிமிடம் ஓடும் கறுப்பு வெள்ளைப் படம். எனக்குக் கிடைத்த பிரதியில் ஒலி கரகரத்தது. ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படை பிடித்துவைத்திருந்த பிரஸ்ஸல்ஸ் நகரில் செவிலியர் பள்ளி ஒன்றை நடத்திவந்தவர் எடித் கேவெல் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. தங்கள் படைப்பிரிவிலிருந்து பிரிந்துபோய் எதிரி வசமிருந்த மண்ணில் மாட்டிக்கொண்ட வீரர்களை அவர் மறைத்துவைத்து, நடுநிலை நாடான ஹாலந்தின் எல்லைக்கு அனுப்பிவைத்தார். இப்படித் தப்பியவர்கள் ஏறத்தாழ 200 பேர். 1915 ஆகஸ்ட் 5 அன்று கைதானார். அக்டோபர் 12 அன்று விடியற்காலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 49.

கேவெலாக நடித்தவர் அன்னா நீகிள். இயக்கியவர் ஹெர்பர்ட் வில்காக்ஸ். விக்டோரியா அரசியாரைப் பற்றி 1937, 1938 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து இரண்டு படங்களைத் தந்த இதே இணை, அதன் பின் ஹாலிவுட்டுக்குப் போய் ஆர்.கே.ஓ. நிறுவனத்துக்காக எடுத்தது இது. படத்தில் என்னைக் கவர்ந்தது வீரர்களைத் தப்பவைக்கும் அந்த ரகசியக் கூட்டத்தின் அமைப்பு. கோமாட்டியாக எட்னா மே ஆலிவர், பேரனைப் பறிகொடுக்க மறுக்கும் பாட்டியாக மே ராப்சன், கால்வாய்ப் படகுக்காரரின் மனைவியாக ஜாசு பிட்ஸ் என்று, காதலுக்கும் அழகுக்கும் அல்லாமல் குணச்சித்திரத்துக்காகவே பேர்பெற்ற நடிகையரை ஒன்றுசேர்த்து, ஒரு பேரரசின் கண்ணில் மண்ணைத் தூவும் வேலையை அவர்களிடம் ஒப்படைத்திருக்கிறார் இயக்குநர். துப்பாக்கி தூக்கும் ஆண் யாரும் இந்தக் கூட்டத்தின் நடுவில் இல்லை.

என் கேள்வி இதுதான். வில்காக்ஸ் இதே கதையை 1928-இல் 'டான்' என்ற பெயரில் மௌனப் படமாக ஏற்கெனவே எடுத்துவிட்டார். பதினோரு ஆண்டுகள் கழித்து அதையே மறுபடி எடுக்கும் தேவை என்ன? முதல் படத்தைவிட இரண்டாவதில் கோபம் குறைவு என்பது என் எண்ணம். ஜார்ஜ் சாண்டர்ஸ் ஏற்ற ஜெர்மானிய அதிகாரி ஹைன்ரிக்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கத்துபவர் அல்லர். கோப்பு பார்க்கும் குமாஸ்தாவைப் போலத் தன் வேலையைச் செய்கிறார். ஆகவே இதைப் போர்ப் பிரசாரம் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

பதிவு 2 – இரவுப்பணி

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் பயிற்சிக் காலத்தில் விளக்கேற்றும் விழாவில் நைட்டிங்கேல் பெயரால் உறுதிமொழி எடுத்தோம். கேவெல் என்ற பெயரை எந்த வகுப்பிலும் ஒருவர் சொல்லிக் கேட்டதில்லை. இந்தப் படத்தைப் பார்த்துத்தான் அவரைத் தெரிந்துகொண்டேன். படத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு, மனக்குறையும் உண்டு.

படத்தில் கேவெல் ஒரு புனிதையாக நடமாடுகிறார், நர்ஸாக அல்ல. அன்னா நீகிள் அணிந்த உடை கடைசிவரை கசங்குவதே இல்லை! முப்பது படுக்கை கொண்ட வார்டில் ஒரு நாள் நின்று பார்த்தவர் எவரும் அந்த ஏப்ரனை நம்பமாட்டார்.

உண்மையான கேவெல் நார்ஃபோக் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பாதிரியார் மகள். பிரஸ்ஸல்ஸில் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஐந்தாண்டு பாடம் சொல்லிக் கொடுத்தார். நோயுற்ற தந்தையைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியவர், அதற்குப் பிறகுதான், தம் முப்பதாவது வயதில், லண்டன் மருத்துவமனையில் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1897-இல் மெய்ட்ஸ்டன் நகரில் டைபாய்டு பரவியபோது அங்கே அனுப்பப்பட்டவர்களுள் அவரும் ஒருவர். 1907-இல் டாக்டர் அந்துவான் டெபாஜ் அவரைப் பிரஸ்ஸல்ஸுக்கு அழைத்துப் புதிய செவிலியர் பள்ளியை ஒப்படைத்தார். அந்நாளில் பெல்ஜியத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர்கள் கன்னியாஸ்திரீகள். நல்ல குடும்பத்துப் பெண் சம்பளம் வாங்கிக்கொண்டு நோயாளியின் உடம்பைத் தொடுவது இழிவு என்று அங்கிருந்த நடுத்தர வர்க்கம் நினைத்தது. நம் ஊர்ப் பெரியவர்களும் இதே பேச்சைப் பேசியவர்கள்தாம். என் தந்தையிடம் என் காதுபடவே சொன்னவர்கள் உண்டு. பெல்ஜிய அரசி எலிசபெத் கையை முறித்துக்கொண்டு, இந்தப் பள்ளியில் பயின்ற நர்ஸ்தான் வேண்டும் என்று கேட்டனுப்பிய பிறகே அந்தப் பேச்சு கொஞ்சம் அடங்கியது.

கேவெல் காலை உணவு மேசையில் தம் கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்காருவாராம். இரண்டு நிமிடத்துக்கு மேல் தாமதித்து வரும் மாணவி, தன் ஓய்வு நேரத்தில் இரண்டு மணி நேரம் கூடுதலாக வேலை செய்ய வேண்டும். எனக்கு வாய்த்த மேட்ரனும் இப்படித்தான் இருந்தார். அந்தக் கடிகாரத்தைப் படத்தில் ஒருமுறை காட்டியிருந்தால், இருநூறு பேரை வரிசை தப்பாமல், வேளை தவறாமல் எல்லைக்கு அனுப்பிவைத்தது எப்படி என்பது பார்ப்பவருக்குத் தானாகவே விளங்கியிருக்கும். அந்த வேலைக்கு வேண்டியது வீரத்தைவிட மேலான ஒரு ஒழுங்கு. 1907 முதல் 1914 வரையான அந்த ஏழு ஆண்டுகளைப் படம் கண்டுகொள்ளவே இல்லை.

பதிவு 3 – ஏடுபுரட்டி

பழம்படத்தேடி நண்பரின் கேள்விக்கு விடை 1928-இல் இருக்கிறது என்று நினைக்கிறேன். சற்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க.

போர் முடிவதற்கு முன்பே கேவெல் திரைக்கு வந்துவிட்டார். ஆஸ்திரேலியாவில் 1916-இலும் அமெரிக்காவில் 1918-இலும் அவரைப் பற்றிய படங்கள் வெளியாயின. அவை ஆள்சேர்ப்புச் சுவரொட்டிகளின் தொடர்ச்சிதாம். போர்க்கால அஞ்சலட்டைகளில், சீருடையோடு மயங்கித் தரையில் கிடக்கும் இளம்பெண் ஒருத்தியை ஜெர்மானிய அதிகாரி கைத்துப்பாக்கியால் சுடுவதாகப் படம் போட்டார்கள். நரைத்த தலையும் சாதாரண உடையுமாகத் தம் கால்களில் நடந்துபோய் நின்ற 49 வயதுப் பெண்மணி அந்த அட்டைகளுக்குப் பயன்படவில்லை.

வில்காக்ஸ் 1928-இல் தம் மௌனப் படத்தை எடுத்தபோது நிலைமை தலைகீழாக மாறியிருந்தது. லொக்கார்னோ உடன்படிக்கை 1925-இல் கையெழுத்தாகி, பிரிட்டனும் ஜெர்மனியும் கைகுலுக்கிக்கொண்டிருந்த காலம் அது. ஜெர்மானியத் தூதரகம் வருத்தம் தெரிவித்தது. வெளியுறவு அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லின் படத்தைப் பார்க்கவே மறுத்துவிட்டு, அந்தப் பெண்மணியின் நினைவைக் காசாக்குவது அருவருப்பானது என்ற பொருளில் எழுதினார். தணிக்கை வாரியம் சான்றிதழ் தரவில்லை. ஆனால், அந்த நாட்டில் அரங்குகளுக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் உள்ளாட்சி மன்றங்களிடம் இருந்தது. லண்டன் மாவட்ட மன்றம் சில வெட்டுகளோடு படத்தை அனுமதித்தது, வேறு பல ஊர்களும் அனுமதித்தன. பத்து ஆண்டுகளுக்கு முன்பு அரசாங்கமே ஊதிப் பெருக்கிய ஒரு பெயரை இப்போது அரசாங்கமே மூடி மறைக்கப் பார்த்தது என்பதுதான் இதில் வேடிக்கை.

அந்தப் படத்தில் கேவெலாக நடித்தவர் சிபில் தார்ண்டைக். பெர்னார்ட் ஷா ஜோன் ஆஃப் ஆர்க்கைப் பற்றி எழுதிய நாடகத்தை லண்டன் மேடையில் 1924-இல் முதன்முதலாக ஏற்று நடித்தவர் அவரே. அந்த நாடகத்தின் முன்னுரையில் ஷா, ஜோனையும் கேவெலையும் ஒரே தட்டில் வைத்து, இருவருமே தம் காலத்தின் மதத்துக்கு அடங்காதவர்கள் என்று எழுதியிருக்கிறார். தார்ண்டைக்கைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். இன்னொன்று: கேவெலோடு சேர்ந்து வீரர்களைத் தப்பவைத்த அடா போடார்ட் என்ற பெண்மணி அந்தப் படத்தில் தம் வேடத்தைத் தாமே ஏற்று நடித்திருக்கிறார்.

படத்துக்குப் பெருங் கண்டனம் எழக் காரணமான காட்சி, சுடும் வரிசையில் நின்ற ஒரு ஜெர்மானிய வீரன் துப்பாக்கியைத் தூக்க மறுத்து, அதற்காகத் தானும் கொல்லப்படுவது. போர்க்காலத்திலேயே பரவிவிட்ட கதை அது; நடந்ததற்கு ஆதாரம் இல்லை. இந்தச் சர்ச்சை பெர்லினை எட்டியபோது அங்கிருந்து ஒருவர் பத்திரிகையில் எழுதினார். அவர் காட்ஃப்ரீட் பென். இருபதாம் நூற்றாண்டு ஜெர்மன் கவிதையின் பெரிய பெயர்களுள் ஒன்று. 1915-இல் அவர் பிரஸ்ஸல்ஸில் ராணுவ மருத்துவர். அந்த விடியலில் சுடுகளத்தில் பணியாக நின்றவர். கேவெல் துணிவோடு இறந்தார் என்று எழுதிய அவர், தண்டனையைக் குறை கூறவில்லை. ஒரு படத்துக்கான தணிக்கைச் சண்டை, பதின்மூன்று ஆண்டுகளாக வாய் திறக்காதிருந்த ஒரு கண்கண்ட சாட்சியைப் பேசவைத்துவிட்டது.

ஆக, வில்காக்ஸுக்கு இது தீராத கணக்கு. ஒலி வந்த பிறகு, அதிலும் தம் நடிகையைக் கண்டுகொண்ட பிறகு, அதைத் தீர்க்க அவர் திரும்பி வந்ததில் வியப்பில்லை.

பதிவு 4 – மறுபக்கம்

எல்லோரும் உருகுகிறீர்கள், ஒருவராவது எதிர்க் கேள்வியைக் கேட்க வேண்டுமல்லவா?

கேவெலின் பள்ளி போர்க்காலத்தில் செஞ்சிலுவை மருத்துவமனையாக இயங்கியது. அந்தச் சிலுவைக்கு எதிரியும் மதிப்புக் கொடுப்பது ஒரு நம்பிக்கையின் பேரில்தான். 1906-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் ஏழாவது பிரிவு, எதிரிக்குக் கேடு விளைவிக்கும் செயலுக்கு மருத்துவமனை பயன்படுத்தப்பட்டால் அதற்குரிய பாதுகாப்பு நின்றுவிடும் என்று தெளிவாகச் சொல்கிறது. ஆரோக்கியமான போர்வீரனை நோயாளி என்று படுக்கவைத்து, பிறகு எல்லைக்கு அனுப்பி, மறுபடி துப்பாக்கி தூக்கச் செய்வது அந்தச் செயல்களில் சேராதா? அடுத்த படுக்கையில் இருக்கும் உண்மையான நோயாளியின் கதி என்ன?

மேலும், பிரிட்டனின் உள்நாட்டு உளவுத் துறையின் முன்னாள் தலைவர் ஸ்டெல்லா ரிமிங்டன் 2015-இல் வானொலி நிகழ்ச்சி ஒன்றில், பெல்ஜிய ஆவணங்களைக் காட்டி, கேவெலின் கூட்டத்தார் ராணுவத் தகவல்களையும் துணிகளில் எழுதியும் காலணிகளில் ஒளித்தும் கடத்தினார்கள் என்று பேசினார். படத்தில் அந்தச் சாயலே கிடையாது. ஜெர்மானியர்கள் செய்தது முட்டாள்தனம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சட்டவிரோதம் என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. தூய வெள்ளை ஏப்ரனை அணிவித்து இந்தக் கேள்விகளையெல்லாம் படம் மூடிவிட்டது. அதற்குப் பெயர் பிரசாரம் இல்லாமல் வேறென்ன?

பதிவு 5 – இரவுப்பணி

மறுபக்கம் தம்பி கேட்டிருப்பது நியாயமான கேள்வி. அடுத்த படுக்கையைப் பற்றிய அந்த ஒரு வரி எனக்கு உறைத்தது.

வெகு நாளைக்கு முன், மாவட்ட மருத்துவமனை ஒன்றில் நான் இரவுப் பணியில் இருந்தேன். வயிற்றில் கத்திக் குத்தோடு ஒரு பையன் வந்தான். இருபது வயதுகூட இருக்காது. தையல் போட்டு வார்டுக்குக் கொண்டுவந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். நான்கு பேர் படியேறி வந்து, அவன் எந்தக் கட்டிலில் இருக்கிறான் என்று கேட்டார்கள். சொந்தக்காரர்கள் என்றார்கள், கையில் பழமும் இல்லை, பிளாஸ்க்கும் இல்லை. மதுரைக்கு அனுப்பிவிட்டோம் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். அவர்கள் இறங்கிப் போன பிறகு கால் நடுங்கியது. அப்புறம் மேசைக்கு வந்து, பதிவேட்டில் அவனுடைய நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் வழக்கம்போல் எழுதினேன். அவர்கள் திரும்பி வந்து அந்தப் பதிவேட்டைப் புரட்டியிருந்தால் என் பொய் வெளிப்பட்டிருக்கும் என்பது விடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த வார்டில் அன்று இருபத்திரண்டு நோயாளிகள் இருந்தார்கள். நான் செய்தது அவர்களுக்கு ஆபத்தா என்று அந்த நேரத்தில் நினைத்துப் பார்க்கவே இல்லை. கேவெலுக்கு அந்த நினைப்பு ஒரு இரவல்ல, ஒன்பது மாதம் இருந்திருக்கும்.

அவர் மறைத்துவைத்த வீரர்களில் சிலர் மாலையில் வெளியே போய்க் குடித்துவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பினார்களாம். மாணவிகள் தங்கியிருக்கும் கட்டடம், தெருவில் ஒற்றர்கள். அந்த அம்மாளின் பொறுமையை நினைத்துப் பார்க்கிறேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் என்னைப் போன்றவர் அல்லர். அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. விசாரணையில், மற்றவர்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று சொன்னதும் எல்லாவற்றையும் கூறிவிட்டார். தப்பிய வீரர்கள் நன்றி தெரிவித்து இங்கிலாந்திலிருந்து கடிதம் எழுதியதையும் அவரே சொன்னார் என்று படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

பதிவு 6 – ஏடுபுரட்டி

இரவுப்பணி அம்மா கடைசியாகச் சொன்னதுதான் வழக்கின் அச்சாணி. ஜெர்மானிய ராணுவச் சட்டத்தின்படி உயிர்த்தண்டனைக்குரிய குற்றம், வீரர்களை எதிரியிடம் கொண்டுசேர்ப்பது. கேவெல் அவர்களைக் கொண்டுவிட்டது ஹாலந்து எல்லைவரை. ஹாலந்து எதிரி நாடு அன்று. அதோடு அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் முயற்சி மட்டுமே குற்றமாகியிருக்கலாம் என்று வாதிட ஒரு வழி இருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த நன்றிக் கடிதங்களைப் பற்றி அவரே சொன்னதும் அந்த வழி அடைபட்டது. உளவுக் குற்றச்சாட்டு அவர்மீது சுமத்தப்படவே இல்லை. ஆகவே 2015-இல் வெளிவந்த செய்தி அவருடைய கூட்டத்தைப் பற்றிய நம் அறிவைக் கூட்டுகிறதே தவிர, அந்தத் தீர்ப்புக்குப் பின்னோக்கி வலுச் சேர்க்காது.

சட்டப்படி சரி என்பதை மறுபக்கம் நண்பருக்கு விட்டுத்தருகிறேன். அது நிறைவேறிய வேகத்தைத்தான் என்னால் விட்டுத்தர முடியவில்லை. பெல்ஜிய மேலவைக் கூடத்தில் அக்டோபர் 7 அன்று 35 பேர் மீதான விசாரணை தொடங்கியது, மறுநாளே முடிந்தது. 11-ஆம் தேதி தீர்ப்பு. 12-ஆம் தேதி விடியலில் துப்பாக்கி. அந்த இரவில் அமெரிக்கத் தூதரகச் செயலர் ஹியூ கிப்ஸனும் ஸ்பானியத் தூதர் வில்லலோபாரும் ஜெர்மானிய அரசியல் துறைத் தலைவர் லாங்கனைத் தேடிப் பிடித்து மன்றாடினார்கள். இது உங்கள் படை செய்த லூவேன் நகர எரிப்பையும் லுசிடானியா பயணிகள் கப்பல் மூழ்கடிப்பையும்போல் உலகத்தை உங்களுக்கு எதிராகத் திருப்பும் என்று கிப்ஸன் எச்சரித்தார். அங்கிருந்த ஜெர்மானிய அதிகாரி ஹர்ராக் பிரபு, சுடுவதற்கு இன்னும் மூன்று நான்கு ஆங்கிலேயக் கிழவிகள் கிடைக்கவில்லையே என்றுதான் தமக்கு வருத்தம் என்றார். கிப்ஸன் இதைப் பதிவு செய்திருக்கிறார். ராணுவ ஆளுநர் சாபர்ஸ்வைக் முடிவை மாற்றவில்லை.

லுசிடானியாவில் இறந்தவர்களுள் ஒருவர் மரி டெபாஜ். இரவுப்பணி அம்மா குறிப்பிட்ட அதே டாக்டர் டெபாஜின் மனைவி. அமெரிக்காவில் மருத்துவ நிதி திரட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

பதிவு 7 – பழம்படத்தேடி

இழை நான் எதிர்பார்த்ததைவிட ஆழமாகப் போய்விட்டது. படத்துக்கு மீண்டும் வருகிறேன்.

மறுபக்கம் நண்பர் சொன்னபடி படம் சில கேள்விகளைத் தவிர்க்கிறது, உண்மைதான். அதற்கு ஒரு காரணம், 1939-இல் இந்தக் கதையின் மாந்தர் பலர் உயிரோடு இருந்தார்கள். திரையில் வரும் கோமாட்டி கற்பனைப் பெயர் தாங்கியவர். உண்மையில் பெலினீ மாளிகையில் வீரர்களுக்கு முதல் அடைக்கலம் தந்தவர்கள் மரி டி குரோய் இளவரசியும் அவர் தம்பி ரெஜினால்டும். அங்கிருந்து வருபவர்கள் பிரஸ்ஸல்ஸில் சொல்ல வேண்டிய அடையாளச் சொல் 'யோர்க்'; குரோய் என்ற பெயரை ஆங்கில எழுத்தில் திருப்பிப் போட்டால் வருவது. இவ்வளவு எளிதான சங்கேதத்தை வைத்துக்கொண்டு ஒன்பது மாதம் அகப்படாமல் இருந்தது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

நடிப்பைப் பற்றி ஒரு மாற்றுக் கருத்து. படமெடுக்கும்போது அன்னா நீகிளுக்கு வயது 34. 1928-இல் தார்ண்டைக்குக்கு 45. வயதுப் பொருத்தம் தார்ண்டைக்குக்குத்தான். நீகிள் நாடகத்தனமான அழுகையையும் உரத்த குரலையும் ஒதுக்கிவிட்டு, பேசும் வரியை எப்போதும் ஒரு படி தாழ்த்தியே பேசுகிறார். கசங்காத ஏப்ரனை நான் காப்பாற்ற வரவில்லை, சிஸ்டர். குரலைக் காப்பாற்ற வந்திருக்கிறேன். பிற்பாடு 1951-இல் இதே வில்காக்ஸ் இயக்கத்தில் நைட்டிங்கேலாகவும் அவர் நடித்தார். அந்தப் படம் எனக்கு இதன் அருகில்கூட வரவில்லை. அதில் எல்லோரும் தாங்கள் வரலாற்றில் இருப்பதை அறிந்தவர்கள்போல் பேசுகிறார்கள்.

வெளியான நேரத்தையும் பார்க்க வேண்டும். 1939 செப்டம்பர் முதல் நாள் ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது. 3-ஆம் தேதி பிரிட்டன் போரை அறிவித்தது. படம் அதே மாதம் அமெரிக்காவில் திரைக்கு வந்தது. வெறுப்பு வேண்டாம் என்று சொல்லும் படம், வெறுப்பு தேவைப்படத் தொடங்கிய மாதத்தில் வந்து நின்றது. பாட்டியின் பேரன் ஜானாக, கேவெல் தப்பவைக்கும் முதல் இளைஞனாக நடித்தவர் ஜிம்மி பட்லர். அவர் பிற்பாடு அமெரிக்கப் படையில் சேர்ந்து, 1945-இல் பிரான்ஸ் போர்முனையில் உயிரிழந்தார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த முகத்தைப் பழையபடி பார்க்க என்னால் முடியவில்லை.

பதிவு 8 – ஏடுபுரட்டி

கடைசி வாசகத்தைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன். சுடப்படுவதற்கு முந்தைய இரவு, ஆங்கிலிகன் பாதிரியார் கஹன் சிறையில் அவருக்கு நற்கருணை கொடுக்கப் போனார். அவரிடம் கேவெல் சொன்னது: "கடவுளும் நித்தியமும் கண்முன் நிற்க, நாட்டுப்பற்று மட்டும் போதாது என்பதை உணர்கிறேன். எவர்மீதும் எனக்கு வெறுப்போ கசப்போ இருக்கலாகாது."

லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தின் அருகில் ஜார்ஜ் ஃப்ராம்ப்டன் வடித்த அவருடைய சிலையை 1920-இல் அலெக்சாண்ட்ரா அரசியார் திறந்துவைத்தார். 'அரசருக்கும் நாட்டுக்கும்' என்று நினைவுக் கல்லின் மேற்பகுதியில் செதுக்கியிருந்தார்கள். நாட்டுப்பற்று போதாது என்ற பெண்மணியின் தலைக்கு மேல் இப்படி ஒரு வாசகம்! அவர் சொன்ன சொற்கள் அதில் இல்லை. பெண்கள் அமைப்பு ஒன்றின் கோரிக்கையை ஏற்று, 1924-இல் தொழிற்கட்சி அரசுதான் அவற்றைச் செதுக்கிச் சேர்த்தது. இன்று போய்ப் பார்ப்பவர் இரண்டு வாசகங்களையும் ஒரே கல்லில் படிக்கலாம்.

இந்தப் படத்தில் அந்தச் சொற்கள் அவர் வாயாலேயே வருகின்றன. மௌனப் படத்தில் எழுத்தாக மட்டுமே காட்டக்கூடியதை, குரலாகக் கேட்கவைக்க வில்காக்ஸுக்குப் பதினோரு ஆண்டு தேவைப்பட்டது. நண்பரின் முதல் கேள்விக்கு என் விடை இதுவே. வில்காக்ஸ் முதல் உலகப் போரில் விமானம் ஓட்டியவர் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

பதிவு 9 – மறுபக்கம்

பிரசாரம் என்று நான் எழுதியதை முழுவதும் திரும்பப் பெறவில்லை. பாதியைத் திரும்பப் பெறுகிறேன். ஆள்சேர்க்க எடுத்த படமாக இருந்தால் அந்த வரியை வெட்டியிருப்பார்கள்.

ஆனால் இன்னொரு குறை இருக்கிறது. அது படத்துக்கு மட்டுமல்ல, இந்த இழைக்கும் பொருந்தும். அன்று விடியலில் ஷார்பேக் சுடுகளத்தில் நின்றவர்கள் இருவர். மற்றவர் ஃபிலிப் போக், 35 வயதுக் கட்டடக் கலைஞர். வீரர்களுக்கு வழிகாட்டியதோடு, தடைசெய்யப்பட்ட 'லா லீப்ரே பெல்ஜிக்' பத்திரிகையையும் வீடுவீடாகச் சேர்த்துவந்தவர். அதே வழக்கில் உயிர்த்தண்டனை பெற்ற லூயிஸ் துய்லியே, ஜான் டி பெல்வில், லூயி செவரின் ஆகிய மூவரும் உலகம் கொதித்தெழுந்ததால் தப்பினார்கள். கேவெல் இறந்ததால் அவர்கள் பிழைத்தார்கள் என்று சொன்னால் மிகையல்ல. அதன் பிறகு தம் ஒப்புதலின்றி எந்தப் பெண்ணையும் சுடக் கூடாது என்று ஜெர்மானியப் பேரரசர் கைசரே கட்டளையிட்டார். கனடாவில் ஒரு மலைக்குக் கேவெல் பெயர். 1915 டிசம்பரில் பாரிஸில் பிறந்த பாடகி எடித் பியாஃபுக்கு அவர் பெயர். போக்கை நாம் எட்டுப் பதிவுகளாக ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

பதிவு 10 – இரவுப்பணி

தம்பி சொன்னது சரி. எனக்கும் தோன்றவில்லை.

நான் சிறைக் கடிதத்தைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, அக்டோபர் 10 அன்று, கேவெல் தம் மாணவிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். பள்ளி தொடங்கி எட்டு ஆண்டு ஆயிற்று என்று கணக்குச் சொல்கிறார். ஆரம்பத்தில் இருந்த சிரமங்களை நினைவுகூர்கிறார். பிறகு, தாம் சில வேளைகளில் அளவுக்கு மீறிக் கண்டிப்பாக இருந்திருக்கலாம், ஆனால் வேண்டுமென்று அநீதி செய்ததில்லை, நீங்கள் நினைத்ததைவிட உங்களை அதிகமாக நேசித்தேன் என்று எழுதுகிறார். அரசரும் நாடும் அந்தக் கடிதத்தில் இல்லை. காலை உணவு மேசையில் கடிகாரத்தை வைத்த அதே கைதான் எழுதியிருக்கிறது.

பதிவு 11 – பழம்படத்தேடி

முதல் பதிவைத் திருத்த முயன்றேன். மன்றத்தின் விதிப்படி இரண்டு நாளுக்கு மேல் பழைய பதிவைத் தொட முடியாதாம். ஆகவே திருத்தத்தை இங்கேயே எழுதுகிறேன். "அக்டோபர் 12 அன்று விடியற்காலையில் சுட்டுக்கொல்லப்பட்டார்" என்ற வரியை, "அக்டோபர் 12 அன்று விடியற்காலையில் ஃபிலிப் போக்குடன் சேர்த்துச் சுட்டுக்கொல்லப்பட்டார்" என்று படித்துக்கொள்ளுங்கள்.